டிஸ்னி வேர்ல்ட்: முதல் முறை போகும்போதே அடுத்த முறைக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஓர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற பொழுதுபோக்குப் பூங்காத் தொகுதிக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: நாலு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? முடியாது. முயற்சி செய்யவும் வேண்டாம். பல குடும்பங்களுக்கு இது ஒரு தடவையோடு முடிகிற இடமில்லை. குழந்தைகள் வளர வளரத் திரும்பவும் போவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பின்னால் இன்னும் சில பயணங்கள் வரப்போகின்றன என்ற நினைப்போடு முதல் பயணத்தைத் திட்டமிட்டால் அலைச்சல் பாதியாகக் குறையும், குழந்தைகளின் அழுகையும் குறையும். அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து சுற்றுலாவாக வருகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இடத்தின் அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் என்ற ஒரே பார்க்கோடு திறந்தார்கள். 1982இல் எப்காட், 1989இல் இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று அழைக்கப்படுவது, 1998இல் அனிமல் கிங்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இவை தவிர இரண்டு நீர் விளையாட்டுப் பூங்காக்கள், டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைவீதி, இருபதுக்கும் மேற்பட்ட ஓட்டல்கள். மொத்தம் ஏறத்தாழ 25,000 ஏக்கர். ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக பஸ், மோனோரயில், படகு அல்லது ஸ்கைலைனர் என்னும் கம்பி ஊர்தி வேண்டும். "அடுத்த பார்க்குக்கு அப்படியே நடந்து போயிடலாம்" என்ற கணக்கு எல்லா இடத்திலும் எடுபடாது.

முதல் வேலை: குழந்தையின் உயரத்தை அளந்து வையுங்கள்

டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. எந்த வருடம் போவது, எந்தப் பார்க்குக்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்பதெல்லாம் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. குழந்தையைச் சுவரோடு குதிகால் ஒட்ட நிற்கவைத்து, தலைமேல் தட்டையான ஒரு புத்தகத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, அங்குலத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அங்கே பலகைகளில் இருப்பதும் அங்குலக் கணக்குதான். ரைடு வாசலில் ஊழியர் அளவுகோலை வைத்துப் பார்ப்பார். அரை அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார், கெஞ்சியும் பயனில்லை. பாதுகாப்புக் கம்பி குழந்தையின் உடம்பில் சரியாகப் படிவதற்கான அளவு அது, ஆகவே விடாததுதான் சரி.

38 அங்குலம் ஆனால் மேஜிக் கிங்டத்தில் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலும், ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ஸ்லிங்கி டாக் டாஷும் திறக்கும். 40 அங்குலத்தில் பெரிய கதவே திறக்கிறது: டியானாஸ் பாயூ அட்வென்ச்சர், டவர் ஆஃப் டெரர், ஸ்டார் வார்ஸ் பகுதியில் ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், எப்காட்டில் சோரின், டெஸ்ட் டிராக். 42 ஆனால் எப்காட்டின் கார்டியன்ஸ் ரோலர் கோஸ்டர். 44இல் ஸ்பேஸ் மவுன்டன், அவதார் ஃபிளைட் ஆஃப் பேசேஜ், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட். 48இல் ட்ரான்.

பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயது வாக்கில் 40ஐத் தொடும். 44க்கு ஐந்தரை, ஆறு வயதாகும். 48க்கு ஏழு, எட்டு. பயணங்கள் தாமாகவே எங்கே விழுகின்றன என்று இப்போது தெரிகிறதா? மூன்று வயது நிறைவதற்குள் ஒரு பயணம், ஏனென்றால் அதுவரை குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். அப்புறம் 40 தாண்டியதும் ஒன்று, 44 தாண்டியதும் ஒன்று. பத்து வயது ஆகிவிட்டால் பெரியவர்கள் டிக்கெட் என்பதால், ஒன்பது முடிவதற்குள் இன்னொன்று. 39 அங்குலத்தில் நிற்கும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஹாலிவுட் ஸ்டூடியோஸில் இரண்டு நாள் போடாதீர்கள். அந்த நாட்களை மேஜிக் கிங்டத்துக்கும் அனிமல் கிங்டத்துக்கும் கொடுங்கள். அங்கே 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்', பீட்டர் பான், பைரேட்ஸ், சஃபாரி, நாவி நதிப் படகு என்று உயரமே கேட்காத ரைடுகள் நிறைய.

உயரம் வந்துவிட்டால் தைரியமும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிளம்பும் முன் யூடியூபில் ஒவ்வொரு ரைடையும் முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். எங்கே இருட்டு, எங்கே சத்தம், எங்கே தொப்பென்று இறங்கும் என்று குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். அங்கே போனபிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை அதுவே கையைப் பிடித்து இழுக்கும். வற்புறுத்தி ஏற்றி அலறவிட்ட குழந்தைக்கு அந்தப் பயம் இரண்டு பயணங்கள் தாண்டியும் போகாது. வாணவேடிக்கைச் சத்தத்துக்குச் சின்னக் குழந்தைகளுக்குக் காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

இரண்டு குழந்தைகளில் ஒன்று உயரம், ஒன்று குள்ளம் என்றால் ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள். இலவசம்தான். குடும்பமாக வாசலுக்குப் போய் ஊழியரிடம் சொன்னால், அம்மா பெரியவனோடு வரிசையில் போவார், அப்பா சின்னவளோடு வெளியே இருப்பார். அவர்கள் திரும்பியதும் அப்பா நீண்ட வரிசையில் நிற்காமல் குறுக்கு வழியில் போகலாம். பெரும்பாலும் பெரியவன் இரண்டாவது தடவையும் கூடவே ஏறிக்கொள்வான். புதிதாகப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

எப்போது போவது

கூட்டம் மிக மோசமாக இருப்பது கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை. அடுத்தபடி ஈஸ்டரை ஒட்டிய வசந்த விடுமுறை, பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே வாரம். கூட்டம் குறைவது ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம், ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும், தேங்க்ஸ்கிவிங் முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும் முன் உள்ள நாட்கள். பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு இதில் எல்லாம் கிடைக்காது, அது தெரிந்ததே. ஆனால் குழந்தை பள்ளிக்கே போகாத அந்த முதல் பயணத்தை மட்டுமாவது கூட்டமில்லாத வாரத்தில் போட்டுவிடுங்கள். அந்த வாய்ப்பு பின்னால் வராது.

செப்டம்பரில் போனால் இரண்டு விஷயங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். ஒன்று, வெயிலும் புழுக்கமும். சென்னை மே மாதத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல, ஆனால் அந்த வெயிலில் நாள் முழுக்கக் குழந்தையோடு நடப்பது வேறு கதை. இன்னொன்று புயல். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் பருவம். தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய விமான டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.

இலையுதிர் காலத்தில் மேஜிக் கிங்டத்தில் சில இரவுகளில் தனி டிக்கெட் போட்டு ஹாலோவீன் விழா நடக்கும். நவம்பர், டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா. அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்டில் வந்தவர்களை மாலையே வெளியே அனுப்பிவிடுவார்கள். இரவு வாணவேடிக்கை கிடைக்காது என்பதால் பலர் அந்த நாளைத் தவிர்ப்பார்கள், பகலில் கூட்டம் குறையும். வாணவேடிக்கையை வேறொரு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு இது நல்ல நாள்.

எத்தனை நாள், எந்த டிக்கெட்

ஒரு நாள் டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். விடுமுறை உச்சத்தில் மேஜிக் கிங்டத்துக்கு ஒரு ஆளுக்கு 200 டாலரை ஒட்டி வந்துவிடும். நாட்கள் கூடக் கூட, நாள் ஒன்றுக்கு ஆகும் விலை குறையும். நான் சொல்வது நான்கு நாள் டிக்கெட், ஆனால் ஐந்து அல்லது ஆறு இரவு தங்கல். நடுவில் ஒரு நாள் எந்தப் பார்க்குக்கும் போகாமல் இருங்கள். ஓட்டல் நீச்சல் குளத்தில் கிடக்கலாம். டிஸ்னி ஸ்பிரிங்ஸில் நுழைவுக் கட்டணமும் கிடையாது, வண்டி நிறுத்தவும் காசு கிடையாது. ஸ்கைலைனரில் ஏறவும் டிக்கெட் வேண்டாம், குழந்தைகளுக்கு அதுவே ஒரு ரைடு.

ஒரே நாளில் பல பார்க்குகளுக்குப் போகவிடும் பார்க் ஹாப்பர் முதல் பயணத்தில் தேவையே இல்லை. குழந்தையையும் ஸ்ட்ரோலர் என்னும் தள்ளுவண்டியையும் தூக்கிக்கொண்டு நடுப்பகலில் பார்க் மாறுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விடும். பிள்ளைகள் பத்து வயது தாண்டியபிறகு வாங்குங்கள், அப்போது பிரயோஜனப்படும். யாரோ பயன்படுத்திவிட்டு மிச்சம் வைத்த டிக்கெட்டை மலிவாக வாங்கவும் போகாதீர்கள். டிக்கெட் ஒருவர் பெயரோடு கட்டுப்பட்டது, வாசலிலேயே நின்றுவிடும்.

தங்குமிடம்

சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு பேருக்குள் என்றால் டிஸ்னியின் மலிவு வகை ஓட்டல்களில் பாப் சென்ச்சுரி நல்லது, ஸ்கைலைனர் நிலையம் அதன் வாசலிலேயே இருக்கிறது. டிஸ்னி ஓட்டலில் தங்கினால் தினமும் எந்தப் பார்க்குக்கும் அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம், பார்க்கில் வண்டி நிறுத்தக் கட்டணமில்லை. தாத்தா பாட்டியோடு, அல்லது இரண்டு குடும்பமாகப் போனால் கிஸ்ஸிமி பக்கம் சமையலறையோடு கூடிய வாடகை வீடு எடுங்கள். தலைக்குக் கணக்குப் பார்த்தால் மிச்சம், காலையில் இட்லி ஊற்றவும் வசதி.

முன்பதிவுத் தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள்

60 நாள் முன்பு: மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு இடம் பிடிக்கலாம். டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் வந்துசேரும் நாளுக்கு 60 நாள் முன்பே, பத்து நாள் தங்கல் வரை எல்லா நாட்களுக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடலாம். இளவரசிகளும் மிக்கியும் மேசைக்கு வரும் இடங்கள் அன்று காலையிலேயே நிரம்பிவிடும். அது வேண்டுமென்றால் விடியும்போதே எழுந்திருங்கள்.

7 நாள் முன்பு, காலை 7 மணி கிழக்கு நேரம்: டிஸ்னி ஓட்டலில் இருப்பவர்கள் லைட்னிங் லேன் வாங்கலாம். மற்றவர்களுக்கு 3 நாள் முன்பு. இது காசு கொடுத்து வரிசையைச் சுருக்கிக்கொள்ளும் முறை. மல்டி பாஸ் என்பதில் மூன்று ரைடுகளுக்கு நேரம் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். முதலாவதில் ஏறி முடித்ததும், இன்னொன்றை டிஸ்னியின் ஃபோன் ஆப்பிலேயே சேர்த்துக்கொண்டே போகலாம். ஃபிளைட் ஆஃப் பேசேஜ், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் போன்ற பெரிய ரைடுகளுக்குத் தனியாக சிங்கிள் பாஸ். எல்லா நாளும் வாங்காதீர்கள். மேஜிக் கிங்டத்துக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் கொடுக்கும் காசு வீண் போகாது. அனிமல் கிங்டத்துக்குக் காலையிலேயே போய்விட்டால் அது இல்லாமலே சமாளிக்கலாம்.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

பார்க் திறப்பதற்கு முக்கால் மணி முன்னதாக வாசலில் இருங்கள். சொந்த வண்டியில் மேஜிக் கிங்டத்துக்குப் போகிறவர்கள் இன்னும் அரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வண்டி நிறுத்துமிடம் ஏரிக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து மோனோரயிலோ பெரிய படகோ பிடித்துத்தான் வாசலுக்கே வர முடியும். முதல் இரண்டு மணி நேரத்தில் நீங்கள் ஏறும் ரைடுகளை மதியத்துக்கு மேல் ஏற நினைத்தால் நாள் போய்விடும். அனிமல் கிங்டத்தில் அந்த நேரத்தைச் சஃபாரிக்குக் கொடுங்கள். சுமார் 20 நிமிடம் திறந்த வண்டியில் போகும் பாதை அது. வெயில் ஏறுவதற்கு முன் மிருகங்கள் நடமாடிக்கொண்டிருக்கும். வண்டிப் பாதையிலேயே ஒட்டகச்சிவிங்கி குறுக்கே நின்றுவிட்டால் ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தி அது நகரும்வரை காத்திருப்பார். நடுப்பகலில் போனால் பெரும்பாலானவை நிழலில் படுத்திருக்கும்.

பன்னிரண்டு மணி ஆனதும் வெளியேறுங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. இவ்வளவு காசு கொடுத்துவிட்டு ரூமில் தூங்குவதா என்பார்கள். பகல் ஒன்றிலிருந்து நான்கு வரைதான் வரிசை நீளம், வெயில் உச்சம், கோடையில் இடிமழையும் அப்போதுதான். மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். குளித்து, சாப்பிட்டு, குழந்தையைத் தூங்கவைத்து, ஐந்து மணிக்குத் திரும்பி வாருங்கள். மழையில் பாதிப் பேர் கிளம்பிப் போயிருப்பார்கள். நீங்கள் இரவு வாணவேடிக்கை வரை தெம்பாக இருப்பீர்கள். அறைக்குப் போக முடியாத தூரம் என்றால் கூரை உள்ள, குளிரூட்டிய இடமாகப் பிடியுங்கள். மேஜிக் கிங்டத்தில் கேரசல் ஆஃப் பிராக்ரஸ் அதற்கென்றே கட்டியது போலிருக்கும். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த பழைய நாடகம். பார்வையாளர் அமர்ந்திருக்கும் அரங்கமே வட்டமாகச் சுற்றிச் சுற்றி அடுத்த காட்சிக்கு நகரும். வரிசையும் பெரிதாக இருக்காது.

ஸ்ட்ரோலர் பற்றி ஒன்று. ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையை வண்டியில் தள்ளினால் சிரிப்பார்கள். இங்கே ஐந்து வயதுக்கும் அது வேண்டும், நாளுக்குப் பத்து கிலோமீட்டர் நடை எளிதில் வந்துவிடும். அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், இழுவண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். ரைடு வாசலில் விட்டுப் போன ஸ்ட்ரோலரை ஊழியர்கள் ஒழுங்குபடுத்தி வேறு வரிசைக்கு நகர்த்தியிருப்பார்கள். நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி நிற்கும். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு பழைய பட்டுத்துணித் துண்டைக் கட்டிவிடுங்கள், தூரத்திலிருந்தே தெரியும்.

சாப்பாடு

வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, உதிரி ஐஸ் கட்டிகள் கூடாது, உறைந்த ஜெல் பை இருக்கலாம். நம் சாப்பாட்டில் அந்த வெயிலைத் தாங்குவது புளியோதரை, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, தொக்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. தயிர்சாதம் பதினோரு மணிக்கே புளித்துவிடும், ஐஸ் பை இல்லாமல் எடுக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். விரைவு உணவுக் கவுன்டரில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். குழாய்த் தண்ணீரில் லேசாகக் கந்தக வாடை வரும், பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டால் குழந்தைகள் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள்.

மெனுவில் பச்சை இலைக் குறி போட்டிருந்தால் அதில் இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் குழம்பு, பீன்ஸ் போன்றவற்றில் என்ன சேர்த்திருக்கிறது என்று தயங்காமல் கேட்கலாம். சமையற்காரரே வெளியே வந்து விளக்குவது அங்கே சாதாரணம். அனிமல் கிங்டத்தில் சாட்டுலி கேன்டீன் கிண்ணச் சோறு சைவர்களுக்கும் ஒத்துவரும்.

ஒரு வேளைக்கு மட்டும் நல்ல சாப்பாட்டுக்குச் செலவு செய்வதானால் சனா. இது பார்க்குக்குள் இல்லை, அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜ் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே தங்காதவர்களும் போகலாம். ஆப்பிரிக்காவும் இந்தியாவும் கலந்த சமையல். அவர்களுடைய ரொட்டித் தட்டில் நான், குல்ச்சா, பராத்தா என்று ஐந்து வகை ரொட்டி வரும். கூடவே சின்னச் சின்னக் கிண்ணங்களில் ராய்த்தா, மாங்காய்ச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, புளிச் சட்னி, பூண்டு ஊறுகாய் என்று ஒன்பது. ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்ந்துகொண்டிருக்கும். மூன்று நாள் பீட்சாவுக்குப் பிறகு அந்தத் தட்டு வந்து உட்காரும்போது எங்கள் மேசையில் யாரும் பேசுவதில்லை.

தாத்தா பாட்டியோடு போகும்போது

ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் பெற்றோரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆனால் அவர்களுக்கென்று ஒரு தனித் திட்டம் வேண்டும். பேரன் ஸ்பேஸ் மவுன்டனில் இருக்கும்போது அவர்கள் பையைக் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் கண்ணில் அடிக்கடி படுகிறது. மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எப்காட்டில் லிவிங் வித் தி லேண்ட் என்ற படகுப் பயணத்தில் இருந்து தொடங்குங்கள். மெதுவாகப் போகும் படகு, குலுக்கல் இல்லை. உள்ளே நிஜமான பசுமைக்குடில்கள். மண்ணே இல்லாமல் வேர் தொங்கத் தொங்கக் கீரை வளரும், தலைக்கு மேல் பந்தலில் பூசணி தொங்கும், வாழையும் பப்பாளியும் காய்த்து நிற்கும். விவசாயம் தெரிந்த பெரியவர்கள் இறங்கியதும் இன்னொரு தடவை போகலாமா என்று கேட்பார்கள். அனிமல் கிங்டத்தின் ஆசியப் பகுதியில் ஆனந்தபூர் என்ற கற்பனை ஊர் இருக்கிறது. பாழடைந்த அரண்மனைச் சுவர்களுக்கு நடுவே புலி நடமாடும் மகாராஜா ஜங்கிள் டிரெக் அங்கேதான். நிழலும் உட்கார இடமும் உண்டு. எப்காட்டில் பதினோரு நாடுகளின் அரங்குகள் ஏரியைச் சுற்றி இருக்கின்றன, இந்தியா அதில் இல்லை. சுற்றுப்பாதை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் என்பதால், முழுக்க நடக்கவைக்காமல் பாதியைப் படகில் கடந்துவிடுங்கள்.

சக்கர நாற்காலி ஒவ்வொரு பார்க்கின் வாசலிலும் வாடகைக்குக் கிடைக்கும். "எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்பார்கள். "களைச்சுப் போறவங்க யாரானாலும் உட்காரலாம், பையையும் வச்சுக்கலாம் அம்மா" என்று சொல்லி வாங்கிவிடுங்கள். ஹான்டட் மேன்ஷன் போன்ற சில ரைடுகளில் நகரும் பட்டையின் மேல் நடந்துபோய்ப் பெட்டியில் உட்கார வேண்டும். சேலைக் கொசுவம் தரையில் உரசினால் ஆபத்து. அன்றைக்கு மட்டும் சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். பட்டையைக் கொஞ்சம் மெதுவாக்கச் சொல்லி ஊழியரிடம் கேட்டாலும் செய்வார்கள்.

இரண்டாவது பயணத்திலிருந்து

திரும்பப் போகும்போது, முதல் முறை செய்ததையே அப்படியே திரும்பச் செய்யத்தான் கை போகும். அதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்குத் தெரிந்த இடத்துக்குத் திரும்புவதில் ஒரு பெருமை இருக்கிறது, வழிகாட்டுவதும் அவர்கள்தான். மீதிப் பாதியைப் புதிதாக வையுங்கள். எங்கள் வழக்கம் இது: ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுக்கலாம், அதை மற்றவர்கள் முணுமுணுக்காமல் செய்ய வேண்டும். அதோடு இதுவரை போகாத ஒன்றுக்கு எல்லாரும் சேர்ந்து போக வேண்டும். மற்றதெல்லாம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

பொம்மைத் தொல்லைக்கு ஒரு வழி. ஒவ்வொரு குழந்தைக்கும் பயணத்தின் தொடக்கத்தில் ஒரே தொகைக்கு டிஸ்னி பரிசு அட்டை கொடுத்துவிடுங்கள். அதற்குமேல் ஒரு டாலரும் கிடையாது. முதல் கடையில் தீர்த்துவிட்டால் அவ்வளவுதான். இரண்டாவது பயணத்தில் விலைப்பட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொருளைத் திரும்ப வைப்பார்கள். படத்துக்கும் செலவு வேண்டாம். கோட்டை முன்னால் நிற்கும் டிஸ்னி புகைப்படக்காரரிடம் உங்கள் ஃபோனைக் கொடுத்தால் அதிலும் எடுத்துத் தருவார்.

ஓராண்டுக்குள் இரண்டு பயணம் விழும்படி அமைத்தால் வருடாந்திர பாஸ் கணக்குப் பார்க்கத் தகுந்தது. இந்த வருடம் டிசம்பர், அடுத்த வருடம் நவம்பர் என்று போட்டால் இரண்டும் ஒரே பாஸில் அடங்கும். ஃபுளோரிடாவில் குடியிருப்பவர்களுக்கு மலிவான வகைகள் தனியாக உண்டு. வீட்டில் ஒருவரிடம் பாஸ் இருந்தாலே பார்க்கிங் இலவசம், கடைகளில் தள்ளுபடி.

1991இல் தொடங்கிய டிஸ்னி வெகேஷன் கிளப் பற்றி அங்கே சாவடி போட்டுச் சொல்வார்கள். புள்ளிகளை முன்பணம் கொடுத்து வாங்கி, வருடாவருடம் அந்தப் புள்ளிகளில் அறை எடுக்கும் முறை. முதல் பயணத்தின் உற்சாகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு, பழைய ஓட்டல்கள் சிலவற்றுக்கு அது 2042. ஆண்டுக் கட்டணமும் தனி, நீங்கள் போகாத வருடத்திலும் கட்ட வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரு பயணத்துக்கு மட்டும் புள்ளிகளை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். பிடித்திருந்தால் யோசிக்கலாம்.

எல்லாவற்றையும் அடுத்த முறைக்குத் தள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், ஒரு விலக்கு உண்டு. ஸ்பிளாஷ் மவுன்டன் 2023 ஜனவரியில் மூடப்பட்டு, 2024 ஜூனில் டியானாஸ் பாயூ அட்வென்ச்சராக மாறியது. மேஜிக் கிங்டத்தின் ஆறும், டாம் சாயர் தீவும், அதைச் சுற்றிவந்த துடுப்புச் சக்கரப் படகும் 2025 ஜூலையில் ஒரேயடியாக விடைபெற்றன. ஆகவே முன்பதிவு செய்யும்போது எது பராமரிப்புக்கு மூடியிருக்கிறது, எது நிரந்தரமாகப் போகப்போகிறது என்று பாருங்கள். போகப்போவதை இந்த முறையே பார்த்துவிடுங்கள்.

குறிப்பேடு

திரும்பி வரும் விமானத்திலோ காரிலோ, மறப்பதற்குள் ஒரு பக்கம் எழுதிவையுங்கள். எந்த ரைடுக்கு யார் பயந்தார்கள், எந்த ஓட்டல் கட்டடம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம், எந்தச் செருப்பு கடித்தது, எத்தனை டயபர் மிஞ்சியது, எந்தச் சாப்பாட்டைக் குழந்தை தொடவே இல்லை. அடுத்த முறை பெட்டி கட்டும்போது இதுதான் உதவும், ஆயிரம் ஃபோட்டோ இருந்தாலும் இதெல்லாம் அதில் இருக்காது.

விதிகளை மட்டும் அந்தக் குறிப்பேட்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். வரிசையைச் சுருக்கும் முறை 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று காசில்லாமல் தொடங்கியது, 2021இல் ஜீனி பிளஸ் என்று காசுக்கு மாறியது, 2024 ஜூலையில் இப்போதைய லைட்னிங் லேன் ஆனது. இரண்டு வருடம் முன்பு போய்வந்த நண்பர் சொல்வதும் இன்று செல்லாமல் போகலாம். கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போது டிஸ்னியின் சொந்த இணையதளத்தில் டிக்கெட், லைட்னிங் லேன், உயர வரம்பு, மூடியிருக்கும் ரைடுகள் ஆகிய நான்கு பக்கங்களையும் ஒருமுறை படித்துவிட்டு, அப்புறம் தேதிகளைக் காலண்டரில் ஏற்றுங்கள்.